பத்துப் படங்கள்: ஸ்ரீபெரும்புதூர் வழக்கும் அதன் இரண்டு வகைச் சாட்சியங்களும்

1991 மே 21 இரவு 10.20 மணியளவில் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் பொதுக்கூட்டத் திடலில் குண்டு வெடித்தது. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியின் உடலை, அவர் அணிந்திருந்த வெள்ளை லோட்டோ ஷூவை வைத்துத்தான் உடனிருந்தவர்கள் அடையாளம் கண்டார்கள். பாதுகாப்புக்கு நின்ற ஒன்பது காவல்துறையினர் அங்கேயே உயிரிழந்தார்கள். கவிதை வாசிக்கக் காத்திருந்த ஒரு சிறுமியும் அவளுடைய தாயும்கூடப் போய்விட்டார்கள். செருப்புகள், தோரணங்கள், கிழிந்த துணிகள், உடல் பாகங்கள் என்று எல்லாம் கலந்து கிடந்த அந்த இடத்தில், இறந்துபோன இளம் புகைப்படக்காரர் ஒருவரின் கேமரா கிட்டத்தட்டச் சேதமில்லாமல் கிடைத்தது. சினான் நிறுவனத்தின் சாதாரண 35 மி.மீ. கேமரா. உள்ளே இருந்த ஃபிலிமில் பத்துப் படங்கள்.

வழக்கு முழுவதும் அந்தப் பத்துப் படங்களிலிருந்துதான் அவிழ்ந்தது.

இந்த வழக்கைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். கேமரா, பெல்ட், கடை ரசீது, வானொலிச் செய்தி என்று பொருள்கள் பேசிய இடங்களில் வழக்கு இன்றுவரை அசையவில்லை. காவலில் இருந்தவர்கள் சொன்னதாக எழுதிய வாக்குமூலங்களை நம்பி நின்ற இடங்களில் அது முப்பது ஆண்டுகள் ஆடிக்கொண்டே இருந்தது.

அந்தத் தேர்தல்

கொலையைப் புரிந்துகொள்ள அந்தத் தேர்தலைப் பார்க்க வேண்டும். மார்ச் மாதம் சந்திரசேகர் அரசு பதவி விலகியதும் மக்களவைக்குத் தேர்தல் வந்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 30 அன்றே கருணாநிதி அரசு கலைக்கப்பட்டிருந்தது. விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுத்தார்கள் என்பது முக்கியமான குற்றச்சாட்டு. கலைப்புக்குப் பரிந்துரை அனுப்ப ஆளுநர் பர்னாலா மறுத்தார். அவர் மறுத்தும் கலைத்தார்கள். ஆகவே மே மாதத்தில் தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்ந்தே தேர்தல். காங்கிரசும் அ.தி.மு.க.வும் ஒரே அணி.

ராஜீவுக்கு அது மீண்டு வரும் தேர்தல். 1989 தோல்விக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, பாதுகாப்பு வளையத்துக்குள் இருந்துகொண்டு மக்களிடமிருந்து அவர் விலகிப் போனார் என்பது. அதனால் 1991 பிரசாரத்தில் அவரே கூட்டத்துக்குள் இறங்கினார், கை கொடுத்தார், மாலைகளை வாங்கிக்கொண்டார். பிரதமர்களுக்கான சிறப்புப் பாதுகாப்புப் படை அவர் பதவியிழந்த பிறகு விலக்கப்பட்டிருந்தது. முன்னாள் பிரதமர்களையும் அந்தப் படை காக்கும் என்று சட்டம் திருத்தப்பட்டது அவர் இறந்த பிறகுதான்.

புலிகள் தரப்புக் கணக்கு வேறு. 1987-இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது, 1990 மார்ச்சில் திரும்பியது. ராஜீவ் மறுபடி பிரதமரானால் படை மறுபடி வரும் என்ற அச்சமே நோக்கம் என்று பிற்பாடு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. தேர்தல்தான் காரணம், தேர்தல்தான் வாய்ப்பும். பிரதமராக இருப்பவரை நெருங்குவது கடினம். ஓட்டுக் கேட்டு வருகிறவரின் கழுத்தில் யார் வேண்டுமானாலும் மாலை போடலாம்.

அன்று மாலை விசாகப்பட்டினத்தில் விமானத்தில் கோளாறு ஏற்பட்டு, தமிழ்நாட்டுப் பயணமே ரத்தாகும் நிலை இருந்தது. கோளாறு சரியானதும் புறப்பட்டார். மீனம்பாக்கத்தில் இறங்கி, வழியில் கூட்டங்களில் நின்று நின்று, ஸ்ரீபெரும்புதூரில் இந்திரா காந்தி சிலைக்கு மாலையிட்டுவிட்டுத் திடலுக்கு வந்தார். அங்கே காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகர். மாலையோடு நின்ற பெண்ணைப் பணியிலிருந்த பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் தடுத்திருக்கிறார். பரவாயில்லை, விடுங்கள் என்ற பொருளில் ராஜீவே சொன்னதாக, உயிர் தப்பிய அந்த அதிகாரி பின்னாளில் சொன்னார்.

படத்தில் இருந்தவர்கள்

முதல் சில நாட்கள் வதந்திகளின் நாட்கள். குண்டு பூக்கூடையில் இருந்தது என்றார்கள், மேடைக்குப் போகும் வழியில் புதைத்து வைத்தது என்றார்கள். ஊரெங்கும் தி.மு.க. கொடிக்கம்பங்களும் கட்சிக்காரர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. யார் செய்தது என்று ஒரு துப்பும் கிடைக்கும் முன்பே தெருவில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள்.

மே 24 அன்று சி.பி.ஐ.யின் கீழ் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது. தலைவர் டி.ஆர். கார்த்திகேயன், தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமன். சென்னை பசுமைவழிச் சாலையில் ‘மல்லிகை’ என்ற கட்டடத்தில் அலுவலகம். பின்னாளில் கைதானவர்களின் பேச்சில் அந்தப் பெயர் வேறு விதமாக ஒலித்தது. பல வாக்குமூலங்களின் கதை அந்தக் கட்டடத்தில்தான் தொடங்குகிறது.

இப்போது படங்களுக்கு வருவோம். ஒரு படத்தில் அந்தச் சிறுமியும் தாயும் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே ஆரஞ்சும் பச்சையுமாகச் சுரிதார் அணிந்த ஒரு பெண். மூக்குக் கண்ணாடி, தலையில் பூ, கையில் சந்தன மாலை. சற்றுத் தள்ளி வெள்ளைக் குர்தா பைஜாமாவில் ஒரு ஆண், பத்திரிகைக்காரர்போலக் குறிப்பேட்டோடு. இன்னொரு படத்தில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பெண்கள். படத்தை வெறுமனே பார்த்தால் எந்தத் தேர்தல் கூட்டத்திலும் எடுத்ததுபோல்தான் இருக்கும். உறுத்துவது உடைதான். சேலை கட்டிய பெண்கள் நிறைந்த கூட்டத்தில் சுரிதார், கதர்ச் சட்டையும் வேட்டியும் நிறைந்த கூட்டத்தில் குர்தா.

தடயவியல் தரப்பில் தமிழ்நாடு தடயவியல் ஆய்வகத்தின் இயக்குநர் பி. சந்திரசேகரன் வந்தார். என் பார்வையில் இந்த வழக்கின் உண்மையான துப்பறிவாளர் அவர்தான். அவர் கேட்ட கேள்வி எளிமையானது: வெடிப்புக்கு மிக அருகில் இருந்தது யார்? சிதறிய உடல்களைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரு பெண்ணுக்குத் தலை இருந்தது, கால்கள் இருந்தன, ஒரு கை இருந்தது. நடுவில் உடலே இல்லை. குண்டு ஒருவருக்கு எதிரே வெடித்தால் முன்பக்கம் சிதையும், காலடியில் வெடித்தால் கால்கள் போகும். உடலின் நடுப்பகுதி மட்டும் முழுசாகப் போயிருந்தால் குண்டு அந்த உடம்பிலேயே இருந்திருக்க வேண்டும். அதோடு நீல டெனிம் துணித் துண்டுகளும் மின்கம்பிகளும் சுவிட்சின் பாகங்களும் கிடைத்தன. எஃகுக் குண்டுமணிகள் இறந்தவர்களின் உடல்களிலிருந்தே எடுக்கப்பட்டன. சுரிதாருக்கு உள்ளே டெனிம் துணியில் தைத்த பெல்ட், அதில் ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து, இயக்க 9 வோல்ட் பேட்டரி. இந்தியாவில் அதுவரை யாரும் பார்த்திராத முறை. தலையின் முகத்தையும் படத்தில் மாலையோடு நின்ற பெண்ணின் முகத்தையும் ஒப்பிட்டபோது கேள்விக்கு இடமே இல்லை. குண்டைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான். பின்னாளில் தெரியவந்த பெயர் தனு.

அப்புறம் கேமராவுக்குச் சொந்தக்காரர். ஹரிபாபு முதலில் பலியானவர்களில் ஒருவராகவே கருதப்பட்டார். பாவம், தொழிலுக்கு வந்த பையன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் ராஜீவ் வருவதற்கு முன்பே, முன்பின் அறிமுகமில்லாத ஒரு பெண் மாலையோடு நிற்பதை அவர் ஏன் படமெடுத்தார்? அவர் வீட்டைச் சோதித்தபோது பூம்புகார் கைவினைப் பொருள் நிலையத்தில் சந்தன மாலை வாங்கிய ரசீது கிடைத்தது. தனுவின் கையிலிருந்த மாலையை வாங்கியவர் படமெடுத்தவரே.

புலிகள் தங்கள் நடவடிக்கைகளைப் படமெடுத்து ஆவணமாக வைப்பவர்கள். அந்த வழக்கத்தால்தான் ஹரிபாபு அங்கே அனுப்பப்பட்டார். அவர் உயிரோடு திரும்பியிருந்தால் அந்த ஃபிலிம் யாழ்ப்பாணம் போயிருக்கும். சென்னையில் யாரும் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். அவர் குண்டுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறோம் என்பதே தெரியாமல் நின்றார் என்றுதான் நான் நினைக்கிறேன். இந்த ஒரு விஷயம் பின்னால் முக்கியமாகிறது: திட்டத்தின் முழு விவரம் உதவியவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்ததா?

படங்கள் பத்திரிகைகளில் வெளியானதும் பெயர்கள் விழத் தொடங்கின. குர்தா அணிந்தவர் சிவராசன். ஒரு கண்ணை இழந்தவர் என்பதால் ‘ஒற்றைக்கண் சிவராசன்’ என்று தமிழ்நாடே பேசியது. உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருவர் சுபா, இன்னொருவர் சென்னையைச் சேர்ந்த நளினி. இவர்கள் ஒரு முறை ஒத்திகையும் பார்த்திருக்கிறார்கள். மே 7 இரவு சென்னை நந்தனத்தில் வி.பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்தில், ஒரு முக்கியத் தலைவரை எவ்வளவு நெருங்க முடியும் என்று தனுவும் சுபாவும் மாலையோடு போய்ப் பார்த்தார்கள். முடிந்தது. சிவராசனின் குழு கோடியக்கரையில் கரையேறியது மே 1 அன்று. மூன்றே வாரத்தில் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது.

வேட்டை

ஜூன் மாதத்தில் கைதுகள் நடந்தன. பேரறிவாளன், நளினி, முருகன் என்று ஒவ்வொருவராகச் சிக்கினார்கள். பேரறிவாளனுக்கு அப்போது 19 வயது. சிவராசனும் சுபாவும் மட்டும் அகப்படவில்லை. சுவரெங்கும் அவர்கள் படம் ஒட்டியிருக்கும்போதே ஒரு டேங்கர் லாரிக்குள் ஒளிந்து பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரை அடுத்த கோணனகுண்டே என்ற இடத்தில் அவர்கள் இருந்த வீடு தெரியவந்தது. வீட்டைச் சுற்றி வளைத்த பிறகும் உடனே உள்ளே போகவில்லை. சயனைடு முறிவு மருந்தோடு ஆட்கள் வர வேண்டும், உயிரோடு பிடிக்க வேண்டும் என்று காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 20 விடியற்காலையில் கமாண்டோக்கள் நுழைந்தபோது உள்ளே ஏழு சடலங்கள். சிவராசன் சுட்டுக்கொண்டு இறந்திருந்தார், மற்றவர்கள் சயனைடு கடித்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பு சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என்னைக் கேட்டால், அந்த வீட்டில் வழக்கு பாதி செத்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து யார் உத்தரவு கொடுத்தார்கள், இந்தியாவில் வேறு யார் உதவினார்கள் என்பதை முழுசாக அறிந்திருந்த ஒரே ஆள் சிவராசன். அவர் போன பிறகு புலனாய்வுக் குழுவின் கையில் மிஞ்சியவர்கள் வீடு கொடுத்தவர்கள், வண்டி வாங்கித் தந்தவர்கள், பேட்டரி வாங்கிக் கொடுத்தவர்கள்.

தடா வாக்குமூலங்கள்

1992 மே 20 அன்று 41 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்களில் 12 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். புலிகளின் தலைவர் பிரபாகரன், உளவுப் பிரிவுத் தலைவர் பொட்டு அம்மான், பெண்கள் உளவுப் பிரிவின் அகிலா மூவரும் தலைமறைவுக் குற்றவாளிகள். எஞ்சிய 26 பேர் பூந்தமல்லி சிறப்பு நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் விசாரிக்கப்பட்டார்கள். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. ஒருவர்கூட மிச்சமில்லை.

அது எப்படி முடிந்தது? சாதாரணச் சட்டப்படி காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அடித்து வாங்கலாம் என்பதால்தான் அந்த விதியே. ஆனால் பயங்கரவாதத் தடுப்புக்கென்று வந்த தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரி பதிவு செய்தால் அது செல்லும் என்றது. ஒருவரின் வாக்குமூலத்தை உடன் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகவும் பயன்படுத்தலாம். 17 பேரின் வாக்குமூலங்கள் வழக்கின் முதுகெலும்பாயின. தடா வழக்கு என்பதால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இடையில் ஒரு வடிகட்டி இல்லாமல் போனது.

1999 மே 11 அன்று நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, எஸ்.எஸ்.எம். காத்ரி அமர்வு தீர்ப்பளித்தது. நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் நால்வருக்குத் தூக்கு. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கு ஆயுள். மற்ற 19 பேர் கொலைச் சதிக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். 26 தூக்கு நான்காகக் குறைந்தது என்பதே கீழ் நீதிமன்றத் தீர்ப்பின் தரத்தைச் சொல்லும். அதைவிடப் பெரிய விஷயம், இது தடா சட்டத்தின்படி பயங்கரவாதக் குற்றமே ஆகாது என்று அதே தீர்ப்பு சொன்னது. ஆனால் தடாவின் கீழ் எழுதிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. சட்டப்படி அதற்கு விளக்கம் சொல்லலாம். ஒரு உயிரை எடுக்க அந்த விளக்கம் போதுமா என்பதுதான் என் கேள்வி. நளினிக்குத் தூக்கு வேண்டாம் என்று நீதிபதி தாமஸ் மட்டும் மாறுபட்டு எழுதினார். 2017-இல் அவரே சோனியா காந்திக்குக் கடிதம் எழுதி, இவர்களிடம் பெருந்தன்மை காட்டும்படி கேட்டார்.

இரண்டு பேட்டரிகள்

வாக்குமூலம் எவ்வளவு பலவீனமான சாட்சியம் என்பதற்குப் பேரறிவாளன் விஷயம் போதும். இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கி சிவராசனிடம் கொடுத்தார், அவை பெல்ட் குண்டில் பயன்பட்டன என்பது அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு. பேட்டரி வாங்குவது குற்றமில்லை. எதற்கு என்று தெரிந்து வாங்கினாரா என்பதில்தான் தூக்குக் கயிறு தொங்கியது. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரி வி. தியாகராஜன் 2013-இல் பொதுவெளியில் பேசினார். எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார். பிறகு நீதிமன்றத்திலும் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தார். ஒரு வரியை விட்டதால் ஒரு மனிதன் தூக்கு நிழலில் பதினாறு ஆண்டுகள் இருந்திருக்கிறான்.

இதில் என்னை மிகவும் உலுக்குவது, அந்த வரிக்கு ஆதாரம் அரசுத் தரப்பின் கையிலேயே இருந்தது என்பது. கொலைக்கு முன்பே சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே போன புலிகளின் சங்கேத வானொலிச் செய்திகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அவற்றை உடைத்துப் படிக்க முடிந்தது பிறகுதான். மே 7 அன்று சிவராசன் பொட்டு அம்மானுக்கு அனுப்பிய செய்தியில், தங்கள் நோக்கம் தங்கள் மூவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று இருக்கிறது. மூவர் என்றால் சிவராசன், தனு, சுபா. யாரும் அடித்து வாங்காத வார்த்தை அது. குற்றவாளி தன் தலைவனுக்கு அனுப்பிய கணக்கு.

அதன் பிறகு நடந்தது நீண்ட கதை. நளினியின் தண்டனை 2000-இல் ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூவரின் கருணை மனு பதினோரு ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 2011-இல் நிராகரிக்கப்பட்டு, தூக்குக்கு நாளும் குறிக்கப்பட்டு, உயர் நீதிமன்றத் தடையால் நின்றது. அந்தத் தாமதத்தைக் காரணமாகச் சொல்லி 2014 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் மூவருக்கும் ஆயுளாக மாற்றியது. 2022 மே 18 அன்று பேரறிவாளனும், அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள்.

லாபமும் நட்டமும்

தள்ளிப்போன தேர்தல் ஜூனில் நடந்தது. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. 164, காங்கிரஸ் 60; தி.மு.க.வுக்கு இரண்டே இடம். 39 மக்களவைத் தொகுதிகளும் அதே அணிக்கு. யாருக்கு லாபமோ அவர்தான் செய்திருப்பார் என்ற கிசுகிசு அப்போதும் ஓடியது, இன்றும் ஓடுகிறது. எந்த ஆதாரமும் இல்லாத பேச்சு அது. அனுதாப அலையில் ஜெயித்ததால் ஒருவர் சதிகாரராகிவிட மாட்டார்.

பாதுகாப்புக் குறைபாட்டை விசாரித்த வர்மா ஆணையம் மத்திய அரசு, உளவுத்துறை, மாநிலக் காவல்துறை, உள்ளூர்க் காங்கிரஸ் ஏற்பாட்டாளர்கள் என எல்லோர் மீதும் குறை சொன்னது. சதியின் பின்னணியை விசாரித்த ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கை 1997 நவம்பரில் வந்தது. புலிகள் தமிழ்நாட்டில் வேரூன்ற தி.மு.க. இடம் கொடுத்தது என்று அது சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தி.மு.க. அமைச்சர்களை நீக்கு என்றது மத்திய அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவு தந்த காங்கிரஸ். பிரதமர் குஜ்ரால் மறுத்தார், அரசு கவிழ்ந்தது. ஒரு கொலை வழக்கின் அறிக்கை இன்னொரு பொதுத்தேர்தலைக் கொண்டுவந்தது. ஆனால் அந்த அறிக்கையால் கொலை பற்றிப் புதிதாக ஒரு தடயமும் வரவில்லை. 2002-இல் கிளிநொச்சிச் செய்தியாளர் சந்திப்பில் பிரபாகரனிடம் கேட்டபோது, ‘துன்பியல் சம்பவம்’ என்று மட்டும் சொல்லி நகர்ந்தார்.

ஜெயின் அறிக்கைக்குப் பிறகு, எஞ்சிய கேள்விகளை ஆராய 1998-இல் பல்துறைக் கண்காணிப்பு முகமை ஒன்று அமைக்கப்பட்டது. அதற்கு முன்வைக்கப்பட்ட கேள்விகளில் அந்தப் பெல்ட்டும் உண்டு. அதை அணிந்தவள் யார், மாலை எந்தக் கடையில் வாங்கியது, பேட்டரியை வாங்கியது யார் என்று எல்லாம் தீர்ப்பில் இருக்கிறது. அந்த டெனிம் பெல்ட்டைத் தைத்து அதில் குண்டைப் பொருத்தியது யார் என்பதற்கு எந்தத் தீர்ப்பிலும் பதில் இல்லை.